எக்கி நடக்கும் குழந்தை: எப்போது, எதைப் பார்க்க வேண்டும்?

குழந்தைகள் நுனிக்காலில் நடப்பது பற்றி வந்த கடிதங்களுக்குக் குழந்தைகள் எலும்பு மூட்டு மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

மூன்றரை வயது மகன் நடக்கத் தொடங்கியதிலிருந்தே குதிகாலைத் தூக்கிக்கொண்டுதான் நடக்கிறான். “குதிகாலை வை” என்றால் வைப்பான்; நாலு அடி போனதும் மறுபடி எக்குவான். “போகப் போகச் சரியாகிவிடும்” என்கிறார் மாமியார். டாக்டரிடம் காட்டலாமா?
— வாசகி, கும்பகோணம்

காட்டிவிடுங்கள். உங்கள் மாமியார் சொல்வது தவறில்லை. நடை பழகும் பருவத்தில் எக்கி நடப்பது சகஜம், இரண்டு வயதையொட்டிப் பெரும்பாலும் நின்றுவிடும். மூன்று வயதைத் தாண்டியும் தொடர்ந்தால் ஒருமுறை முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் ஆறுதலான சேதிகள் இரண்டு இருக்கின்றன. நடை தொடங்கிய நாளிலிருந்தே இப்படித்தான், இடையில் கெட்டுப்போகவில்லை. சொன்னால் குதிகாலை வைக்கவும் முடிகிறது. இரண்டு காலும் ஒரே மாதிரி இருந்து, நரம்பு, தசை, முதுகுத்தண்டு எல்லாம் சரியென்று தெரிந்தால், காரணம் தெரியாத வெறும் பழக்க நடை என்று சொல்லலாம். மற்றதையெல்லாம் விலக்கிய பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும். ஐந்தரை வயதுக் குழந்தைகளிடம் ஸ்வீடனில் நடந்த ஆய்வொன்று 2012-ல் வெளிவந்தது. ஏறத்தாழ 5 சதவீதம் பேர் காரணம் ஏதுமின்றி இப்படி நடந்தவர்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த வயதுக்குள் தாமாகவே விட்டிருந்தார்கள்.

ஆனால் ஒரு சிக்கல். டாக்டர் அறையில் எல்லோரும் காலையே பார்க்கும்போது பிள்ளை சமர்த்தாகக் குதிகாலை ஊன்றி நடந்துவிடுவான். ஆகவே வீட்டிலேயே வீடியோ எடுத்து வாருங்கள். வெறுங்கால், முட்டிக்கு மேலே நிற்கும் டிராயர். ஐந்தாறு மீட்டர் நேராக நடக்க இடம் வேண்டும். வராந்தாவோ மொட்டைமாடியோ போதும். போனைக் குழந்தையின் முட்டி உயரத்தில் பிடித்துப் பக்கவாட்டில் ஒன்று, பின்னாலிருந்து ஒன்று எடுங்கள். நின்றபடி மேலிருந்து எடுத்தால் குதிகால் தரையில் படுகிறதா என்றே தெரியாது. “ஒழுங்கா நட” என்று சொல்லாதீர்கள். கையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து “பாட்டியிடம் கொடுத்துவிட்டு வா” என்றால் கவனம் தண்ணீரில் இருக்கும், கால் தன் வழக்கப்படி நடக்கும். மெதுவாக நடப்பது, ஓடுவது, தரையில் உட்கார்ந்து எழுவது, குதிகால் ஊன்றிக் குந்துவது எல்லாம் வீடியோவில் இருக்கட்டும்.

பிறகு மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தரையை முதலில் தொடுவது குதிகாலா, முழுப் பாதமா, முன்பாதமா? முன்பாதம் என்றால் பிறகாவது குதிகால் இறங்குகிறதா? இறங்கினாலும் உடனே தூக்கிக்கொள்கிறதா? கால் ஊன்றும் அந்தக் கணத்தில் முட்டி நேராக இருக்கிறதா, மடங்கியா? பழக்க நடையில் முட்டி பெரும்பாலும் நேராக நீளும். மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் தசைகளின் கட்டுப்பாடு குலையும் மூளை வாதத்தில் மடங்கியபடியே ஊன்றுவதை அதிகம் பார்க்கிறோம். இருபது அடியில் எத்தனை அடிக்குக் குதிகால் பட்டது என்று எண்ணி எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து ஒப்பிட அந்த எண்தான் கைகொடுக்கும். ஈரக் காலோடு சிமெண்டுத் தரையில் நடக்கவிட்டாலும் தடத்தில் குதிகால் விழுகிறதா என்று தெரியும்.

என் மகளின் பாதத்தை டாக்டர் முட்டியை நீட்டி ஒருமுறை, மடக்கி ஒருமுறை மேல்நோக்கி வளைத்து அளந்தார். முந்தைய அளவும் அவருடைய அளவும் ஒத்துப்போகவில்லை. ஏன்?
— வாசகர், திண்டுக்கல்

கெண்டைக்காலில் இரண்டு தசைகள் உண்டு. மேலே இருப்பது முட்டிக்கு மேலிருந்து இறங்குகிறது, அடியில் இருப்பது முட்டிக்குக் கீழே தொடங்குகிறது. இரண்டும் சேர்ந்து அக்கிலீஸ் தசைநாராகிக் குதிகாலில் முடிகின்றன. முட்டியை மடக்கினால் மேல் தசை தளர்ந்துவிடும். நீட்டியிருக்கும்போது வளையாத பாதம், மடக்கியதும் நன்றாக வளைந்தால் இறுக்கம் மேல் தசையில் மட்டும். மடக்கியும் வளையாவிட்டால் அடித்தசையோ தசைநாரோ சேர்ந்தே குறுகியிருக்கிறது. பயிற்சி போதுமா, மாவுக்கட்டா, அறுவை சிகிச்சையா என்ற பேச்சு இங்கிருந்துதான் தொடங்கும்.

அளவு மாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் பிடிக்கும் விதம். பாதத்தை அப்படியே மேலே தள்ளினால் அது வெளிப்பக்கம் சாய்ந்து நடுப்பாதம் வளைந்துகொடுக்கும். கணுக்கால் அசையாமலேயே 10 டிகிரி கூடக் கிடைத்ததுபோலத் தோன்றும். குதிகாலைக் கையால் சற்று உட்பக்கம் திருப்பிப் பூட்டிக்கொண்ட பிறகே தள்ள வேண்டும். கோணமானியின் ஒரு கை காலின் வெளிப்பக்கச் சிற்றெலும்பை ஒட்டியும், மறு கை பாதத்தின் வெளி விளிம்பை ஒட்டியும் இருக்க வேண்டும். காலுக்குப் பாதம் செங்குத்தாக நிற்பது பூஜ்யம். முட்டி நீட்டிய நிலையில் அதற்கு மேல் 10 டிகிரி வராவிட்டால் இறுக்கம் என்று எடுத்துக்கொள்கிறோம். பூஜ்யத்துக்கே வராவிட்டால் தசை நிலையாகக் குறுகிவிட்டது என்று பொருள்.

மெதுவாகத் தள்ளிய பிறகு ஒருமுறை வேகமாகவும் தள்ளிப் பார்ப்போம். வேகத்தில் மட்டும் பாதியிலேயே வெடுக்கென்று பிடித்தால் அது நரம்பிலிருந்து வரும் விறைப்பு. அழும் குழந்தையிடம் எடுத்த அளவை நம்ப வேண்டாம். மடியில் உட்காரவைத்து, அழுகை நின்ற பிறகு திரும்ப அளக்கச் சொல்லுங்கள்.

ஐந்து வயதுப் பையன். முன்பு நன்றாகத்தான் நடந்தான். ஓராண்டாக எக்கி நடக்கிறான். படியேறத் திணறுகிறான், அடிக்கடி விழுகிறான். கெண்டைக்கால் மட்டும் நல்ல பருமன். கல்லீரல் பரிசோதனையில் ஏதோ கூடுதலாம். குதிகால் நரம்பை நீட்ட ஆபரேஷன் செய்யலாம் என்கிறார்கள்.
— வாசகி, நாகர்கோவில்

ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு, இந்த வாரமே குழந்தைகள் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். நன்றாக நடந்த பிள்ளை பிறகு எக்குவது எங்களுக்கு எச்சரிக்கை மணி. தரையிலிருந்து எழும்போது கைகளைத் தொடையில் ஊன்றி ஏறுகிறானா என்று கவனியுங்கள். தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் மரபணு நோயான டுஷேன் தசைச் சிதைவா என்று பார்க்க முதல் வேலை, கிரியேட்டின் கைனேஸ் என்ற ரத்தப் பரிசோதனை. அந்த நோயில் இது இயல்பைவிடப் பல மடங்கு உயர்ந்திருக்கும். அதற்குப் பிறகு மரபணுப் பரிசோதனை. கல்லீரல் பரிசோதனையில் ஏறித் தெரியும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற நொதிகள் இரண்டும் தசையிலிருந்தும் வரும். அதனால் இந்தப் பிள்ளைகளைக் கல்லீரல் நோயாளிகளாக நினைத்து அலையவிடுவது உண்டு.

குதிகால் நரம்பு என்று நீங்கள் சொல்லும் அக்கிலீஸ் தசைநாரை அவசரப்பட்டு நீட்டக் கூடாது என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தொடையும் இடுப்பும் பலவீனமான பிள்ளை, எக்கி நிற்பதால்தான் முட்டி மடங்காமல் சமாளிக்கிறான். அந்தப் பிடிப்பை எடுத்துவிட்டால் நடையே போகலாம்.

இரண்டு வயது மகளுக்கு இடது கால் மட்டும்தான் இப்படி.
— வாசகர், வேலூர்

ஒரு பக்கம் மட்டும் என்றால் எந்த வயதானாலும் காத்திருக்க வேண்டாம். மல்லாக்கப் படுக்கவைத்து, இரு குதிகால்களையும் ஒட்டி வைத்து முட்டிகளை மடக்குங்கள். ஒரு முட்டி தாழ்ந்து தெரிந்தால் கால் நீளம் குறைவாகவோ இடுப்பு மூட்டு விலகியோ இருக்கலாம்; இடுப்பு எக்ஸ்ரே தேவை. அதே பக்கக் கையைக் குறைவாகப் பயன்படுத்துகிறாளா? ஒன்றரை வயதுக்கு முன்பே ஒரே கையால்தான் எல்லாம் எடுத்தாளா? அப்படியென்றால் ஒருபக்க மூளை வாதமா என்று பார்க்க வேண்டும். முதுகின் அடியில் முடிக்கற்றையோ குழியோ உண்டா, சிறுநீர், மலம் போவதில் மாற்றம் உண்டா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தண்டுவடக் கோளாறு அப்படித்தான் பிடிபடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் இவற்றைக் கட்டணமின்றிப் பார்ப்பார்கள்.

எக்கி நடந்தால் ஆட்டிசமா? வாக்கர் காரணமா? சத்தம் போடும் செருப்பு உதவுமா?
— வாசகி, ஈரோடு

ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இந்த நடை கூடுதலாகக் காணப்படுகிறது. எக்குவதை மட்டும் வைத்து ஆட்டிசம் என்று சொல்ல முடியாது; பேச்சு, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவது, கண் பார்த்துச் சிரிப்பது எப்படி என்று பாருங்கள். உட்காரவைக்கும் வாக்கரை எடுத்துவிடுங்கள். அதில் தொங்கியபடி விரலால் தள்ளித்தான் பிள்ளை நகரும். உருண்டு விழும் ஆபத்துக்காகவே கனடா 2004-ல் அதைத் தடை செய்தது. நின்று தள்ளும் மர நடைவண்டியில் பாதம் முழுதும் ஊன்ற வாய்ப்புண்டு. செருப்பில் கீச்சிடும் குமிழ் குதிகாலுக்கு அடியில் இருந்தால் வாங்கலாம். முன்பக்கம் இருந்தால் எக்குவதற்குத்தான் சத்தம் வரும்.