நாட்டுப் பன்றியும் ஒற்றை ஆணும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மட்டக்களப்பில் கரடியனாற்றுப் பக்கம் கறுப்பு நாட்டுப் பன்றி வளர்க்கிறேன். தாய்ப் பன்றி 12, ஆண் ஒன்று. பழைய ஆண் கிழடானதும் அதன் மகனையே விட்டேன். எட்டுக் குட்டி போட்டவை இப்போது நாலைந்தோடு நிற்கின்றன. சிலதுக்குக் குடலிறக்கம். லார்ஜ் வைட் என்ற பெரிய வெள்ளைச் சீமை இனத்தில் ஆண் வாங்கினால் இரத்தம் மாறும் என்கிறார்கள். வாங்கலாமா, அல்லது பெண்களைக் கூட்டலாமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் வேண்டாம். உங்களிடம் குறைவது நாட்டு ஆண்கள்.

ஆண் தொகையைப் பெண் தொகையால் பெருக்குங்கள். வருவதை நாலால் பெருக்கி மொத்தத் தலையால் வகுங்கள். உங்கள் பட்டிக்கு 48ஐ 13ஆல் வகுக்க 3.7. பட்டியில் 13 நின்றாலும் மரபு வளத்தில் நாலு பன்றிகூட இல்லை. பெண்களை 24 ஆக்கினாலும் 3.8தான். பெண்கள் 12ஆகவே நிற்க ஆண்களை மூன்றாக்கினால் 9.6! ஓர் இனம் நிலைக்க இந்த எண் 50ஆவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அது ஒருவர் பட்டியில் நடக்காது, பல ஊர்ப் பட்டிகள் சேரவேண்டும்.

மகன் தன் தாயோடு சேர்ந்தால் குட்டியின் உறவுக்கலப்பு (தாய்வழியும் தகப்பன்வழியும் ஒரே மரபு வந்து சேரும் அளவு) 25 வீதம், தகப்பன்வழிச் சகோதரியோடு சேர்ந்தால் 12.5. குடலிறக்கம், இறங்காத விதை, மலவாய் இல்லாத குட்டி எல்லாம் இப்படித்தான் வெளியே வரும். குடலிறக்கக் குட்டி போட்ட சோடியை மறுபடி சேர்க்காதீர்கள். தைத்துச் சுகமாக்கிய ஆணையும் இனவிருத்திக்கு வைக்கக்கூடாது. ஆனால் குட்டி குறைவதற்கு உறவை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. வயலெலி திரியும் இடத்தில் எலிக்காய்ச்சலும் சினையைக் கலைக்கும், மிருக வைத்தியரிடம் பன்றிகளின் இரத்தத்தைக் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள்.

லார்ஜ் வைட் கலப்பின் முதல் தலைமுறை நன்றாக வளரும், மறுக்கவில்லை. அந்தக் கலப்புப் பெண்ணுக்கும் வெள்ளை ஆணையே விட்டுக்கொண்டு போனால் நாட்டுப் பங்கு 50, 25, 12.5 என்று மூன்று தலைமுறையில் கரைந்துவிடும். தவிட்டிலும் புண்ணாக்கிலும் சமாளிக்கிற குணமும் அதோடு போகும். வெள்ளைத் தோல் நம் வெயிலில் கொப்புளிக்கும். 300 கிலோவை எட்டும் ஆண் ஏறினால் சிறிய நாட்டுப் பெண்ணின் பின்னங்கால் தாங்காது. இறைச்சிக்குக் கலப்புக் குட்டி வேண்டுமென்றால் இரண்டு மூன்று பெண்களோடு நிறுத்துங்கள். அடுத்த தாய்கள் நாட்டு ஆணுக்குப் பிறந்தவையாக இருக்கட்டும்.

மூன்று ஆண் தேடுங்கள், வாகரைப் பக்கம் ஒன்று, திருக்கோவில் பக்கம் ஒன்று என்று ஊர் மாற்றி. ஒரே வியாபாரி ஒரு ஈற்றுச் சகோதரர்களை இரண்டு ஊரில் விற்றிருப்பான், ஆகவே தாய் யாருடைய பட்டி என்று கேளுங்கள். 12 பெண்களை நாலு நாலாகப் பிரித்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓர் ஆணை விடுங்கள். மகள்கள் தாயின் கூட்டத்திலேயே நிற்கட்டும், ஆண்கள் மட்டும் முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு, இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு என்று சுற்றிவரட்டும். சினைக்காலம் 114 நாள், நாட்டுப் பெண் நாலு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். ஆகவே ஆணை விட்ட எட்டாம் மாதத்துக்குள் மாற்றிவிடவேண்டும், இல்லாவிட்டால் தகப்பன் மகளிடம் போய்விடும். ஆண் குட்டிகளைப் பால் மறந்ததும் பிரியுங்கள், வைத்திருக்காதவற்றுக்கு முதல் இரண்டு வாரத்தில் விதை அடியுங்கள். காதில் வெட்டு அடையாளம், கொப்பியில் தாய், தகப்பன், திகதி. கொப்பி இல்லாத சுற்று இரண்டாம் வருடமே குழம்பும்.

2024இல் ஆபிரிக்கப் பன்றிக்காய்ச்சல் இலங்கைக்குள் வந்ததால் ஆண் வாங்குமுன் கால்நடை வைத்திய அலுவலகத்தில் இடமாற்றத் தடை உண்டா என்று விசாரியுங்கள். வந்த ஆணை 30 நாள் தனிக்கூட்டில், தனி வாளி, தனிச் செருப்போடு பராமரியுங்கள். கடை எச்சம் போடுவதானால் கிளறிக்கொண்டே அரைமணி நேரம் கொதிக்க வைத்த பிறகு போடுங்கள்.