பிளவர்ஹார்னுக்குப் பெண் பார்க்கலாமா?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் சின்னத் தேயிலைத் தோட்டம் எங்களுடையது. கோவையில் கல்லூரியில் படிக்கும் மகன் போன வருடம் ஒரு ஆண் பிளவர்ஹார்ன் மீன் வாங்கி வந்தான். இப்போது ரெட் பேரட் பெண் மீன் ஒன்றையும் கொண்டுவந்து, இரண்டையும் சேர்த்துக் குஞ்சு எடுக்கப் போகிறேன், கடைக்காரர் வாங்கிக்கொள்வார் என்கிறான். இரண்டுமே மனிதர்கள் உருவாக்கிய கலப்பு மீன்களாம். என் அண்ணனோ, “கடவுள் படைக்காததை மனுஷன் படைக்கிறது பாவம். ரெண்டையும் கொண்டுபோய் ஓடையில் விடு” என்கிறார். “மாமா தோட்டத்துத் தேயிலையே கலப்புதான்” என்று மகன் பதிலுக்கு நிற்கிறான். வீட்டில் தினமும் சண்டை. யார் சொல்வது சரி?
— ஒரு தாய், கோத்தகிரி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அண்ணன் சொன்னதில் பாவத்தைவிட ஓடைதான் எனக்குப் பயம் தருகிறது. அதைப் பிறகு சொல்கிறேன். அதுவரை யாரும் வாளியைத் தூக்க வேண்டாம்.

தேயிலை விஷயத்தில் மகன் பக்கம் நியாயம் இருக்கிறது. நீலகிரிச் சரிவுகளில் நிற்பவற்றில் சீனத் தேயிலையும் அசாம் தேயிலையும் கலந்த செடிகளே அதிகம். மீன் கடையிலும் அதே கதைதான். பள்ளிப் பிள்ளைகள் வாங்கிப்போகும் பிளாட்டியும் ஸ்வார்டு டெயிலும் பல தலைமுறைகளாக ஒன்றோடொன்று கலந்து வந்தவை. அவற்றை வளர்ப்பவரை யாரும் பாவி என்று சொன்னதில்லை. ஆனால் அதே பிளாட்டியையும் ஸ்வார்டு டெயிலையும் 1920-களில் ஆய்வுக்கூடத்தில் கலந்து பார்த்தவர்கள் வேறொன்றையும் கண்டார்கள். கலப்புக் குஞ்சை மறுபடி ஸ்வார்டு டெயிலோடு சேர்த்தபோது, அடுத்த தலைமுறையில் சிலவற்றின் கரும்புள்ளி புற்றாக வளர்ந்தது. பிளாட்டியின் உடம்பில் அந்தப் புள்ளியை அடக்கி வைத்திருந்த மரபணு கலப்பில் கைநழுவிப் போனதுதான் காரணம். புற்றுநோய் ஆராய்ச்சியில் இன்றைக்கும் அந்த மீன்கள் பயன்படுகின்றன. தேயிலைச் செடிக்கு இந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. ஆக, கலப்பு என்பதாலேயே ஒரு மீன் தீட்டாகிவிடாது. கிடைத்த உடம்போடு அதனால் நிம்மதியாக வாழ முடிகிறதா என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்வியில் உங்கள் வீட்டு ரெட் பேரட் தோற்றுப்போகிறது. 1980-களில் தைவானில் உருவாக்கிய கலப்பு அது. அதன் வாயை ஒரு நாள் பொறுமையாக உட்கார்ந்து பாருங்கள். செங்குத்தான சிறு பிளவு; முழுதாக மூடாது. மற்ற மீன்கள்போல் கவ்விக் கடிக்க வராது, தொண்டைக்குள் வைத்துத்தான் நசுக்க வேண்டும். முதுகெலும்பும் காற்றுப்பையும் வளைந்து போனதால் பலவும் தடுமாறித்தான் நீந்துகின்றன. ‘பார்க்க அழகாக உருண்டையாக இருக்கிறது’ என்கிறோமே, அந்த உருண்டைதான் ஊனம். இதே மீனின் வாலைக் குஞ்சிலேயே வெட்டி ‘இதய வடிவ மீன்’ என்றும், சாயம் ஏற்றி ஊதா, பச்சை என்றும் விற்கிறார்கள். அதற்கெல்லாம் விளக்கம் சொல்லி என் பேனாவை அழுக்காக்க விருப்பமில்லை, வாங்காதீர்கள்.

பிளவர்ஹார்ன் அந்த அளவுக்கு மோசமில்லை. 1990-களில் மலேசியாவில், மத்திய அமெரிக்காவின் சிக்லிட் என்ற குடும்பத்து மீன்கள் சிலவற்றைக் கலந்து கொண்டுவந்தது. நன்றாக நீந்தும், சாப்பிடும், வளர்ப்பவர் விரலை அடையாளம் கண்டுகொண்டு ஓடி வரும். நெற்றி மேட்டின் உயரத்துக்கு ஒரு விலை, செதிலில் எழுத்துத் தெரிகிறதா என்று ஒரு விலை, வாஸ்துவுக்கு ஒரு விலை என்று நாம் அடிக்கும் கூத்துக்கு அந்த மீன் பொறுப்பில்லை.

அண்ணனும் மகனும் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். தொட்டியில் இருக்கும் இரண்டும் பிறந்துவிட்டன. அவை வந்த வழி சரியோ தவறோ, அவற்றை நன்றாக வைத்திருக்கும் கடமை உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. இன்னும் பிறக்காத குஞ்சுகளுக்கு உங்கள் மகன் எந்தக் கடனும் படவில்லை. அவை பிறந்தே ஆகவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

பிறந்தால் என்ன ஆகும்? பேரட் ஆண்கள் பெரும்பாலும் மலடு. பெண் முட்டையிடும், ஆண் பிளவர்ஹார்ன் வளமானதாக இருந்தால் பொரிக்கவும் செய்யும். ஒரு தடவைக்குச் சில நூறு, சில சமயம் ஆயிரம் முட்டைகூட. அத்தனையிலும் நெற்றி மேடும் நிறமும் கூடி வருவது விரல்விட்டு எண்ணக்கூடியவை. கடைக்காரர் ‘வாங்கிக்கொள்கிறேன்’ என்று சொன்னது அவற்றைத்தான். கோணல் வாயோடும் மடிந்த முதுகோடும் வருபவை, மேடே வராதவை, இவை எல்லாம் எங்கே போகும் என்று மகனிடம் கேளுங்கள். தொழிலில் இருப்பவர்கள் பெரிய மீனுக்குத் தீனியாகப் போடுவார்கள், அல்லது கொட்டிவிடுவார்கள். உங்கள் பிள்ளை தன் கையால் அதைச் செய்வானா? தேறாத குஞ்சை வலியில்லாமல் முடிக்கக் கிராம்பு எண்ணெய் இருக்கிறது. கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில் குலுக்கிக் கலக்கி, மீன் இருக்கும் நீரில் லிட்டருக்குப் பத்துத் துளிக்குக் குறையாமல் விட வேண்டும். செவுள் அசைவு நின்ற பிறகும் அரைமணி நேரம் அதிலேயே விட வேண்டும். நூற்றுக்கணக்கில் இதைச் செய்ய மனம் வரவில்லை என்றால், ஜோடி சேர்க்கும் ஆசையையும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

விற்பதிலும் ஒரு நாணயம் வேண்டும். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1950-களில் நைல் பெர்ச் என்ற பெரிய மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். பிறகு அங்கிருந்த சிறு சிக்லிட் இனங்கள் பல அழிந்தன. சில இன்று வளர்ப்பவர்களின் தொட்டிகளில் மட்டுமே மிச்சம். அப்படிப்பட்ட ஒன்றைப் பக்கத்து மீனோடு கலந்து, பழைய பெயரிலேயே விற்றால் அந்த இனம் முடிந்தது. பிளவர்ஹார்னில் இந்த ஆபத்து இல்லை, அது கலப்பு என்பது ஊருக்கே தெரியும். ஆனால் மகன் நாளைக்கு வேறு சிக்லிட் பக்கம் போவான், இந்தப் பைத்தியம் அப்படித்தான் வளரும். எதை எதோடு சேர்த்தோம் என்று எழுதிக்கொடுத்து விற்கும் பழக்கம் இப்போதே வரட்டும்.

இனி ஓடை. கோத்தகிரியில் தெற்கே ஊற்றினால் கல்லாறு வழியாகப் பவானி, வடக்கே ஊற்றினால் மாயாறு. இரண்டும் போய்ச் சேருவது பவானிசாகர் அணையில். பிளவர்ஹார்னுக்கு 27, 28 டிகிரி வெப்பம் வேண்டும். உங்கள் ஊர் ஓடைக் குளிரில் அது விறைத்துச் சாகும். தப்பித்துக் கீழே அடித்துப் போனால் சமவெளியின் வெந்நீரில் பிழைத்துக்கொள்ளும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இப்படி விடப்பட்டவை நீர்நிலைகளில் குடியேறிவிட்டன. மாயாறு சாதாரண ஆறும் இல்லை. காவிரிப் படுகைக்கே உரிய கூன்முதுகு மகசீர் மிஞ்சியிருக்கும் ஒருசில இடங்களில் அது ஒன்று. காவிரியில் அந்த மீன் அருகிப்போன கதையில், 1970-களிலிருந்து நல்லெண்ணத்தோடு கொண்டுவந்து விடப்பட்ட, நீலத் துடுப்பு கொண்ட வேறொரு மகசீருக்கும் பங்குண்டு. விட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. உங்கள் அண்ணனைப் போலத்தான்.

‘ஊட்டி ஏரியிலும் வெளிநாட்டு மீன்தானே’ என்று மகன் கேட்பான். உண்மைதான். 1939-ல் இலங்கையிலிருந்து ஜெர்மன் வகைக் கெண்டையைக் கொண்டுவந்து ஊட்டியில் விட்டார்கள். இங்கிருந்து அது நாட்டின் மற்ற மலை ஏரிகளுக்கும் போனது. முன்னோர் செய்துவிட்டார்கள் என்பது நாமும் செய்வதற்குக் காரணமாகாது. அவனே மாமாவிடம் இப்படித்தான் வாதாடுவான், வேறு விஷயமாக இருந்தால்.

சரி, வீட்டில் என்ன செய்வது? முட்டை ஏற்கெனவே வந்திருந்தால் பொரிப்பதற்கு முன்பே, முதல் நாளே சுரண்டி எடுத்துத் தேயிலைச் செடியடியில் புதைத்துவிடுங்கள். சிங்க்கில் கொட்ட வேண்டாம், அதுவும் ஓடைக்குத்தான் போகும். பேரட்டுக்கு மூழ்கும் சிறு உருண்டைத் தீனி போடுங்கள், மிதப்பதைப் பிடிக்க அது படாதபாடு படும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் விழுந்து மின்சாரம் போகும்போது ஹீட்டரும் நின்றுவிடும், தொட்டியைச் சுற்றிப் பழைய கம்பளி போடத் தயாராக இருங்கள். மலைத் தண்ணீர் மென்மையானது. ஃபில்டரில் ஒரு பிடி கிளிஞ்சல் போட்டுவைத்தால் நீர் புளிப்பேறாது.

குஞ்சு எடுக்கும் ஆசை மகனுக்கு விடவே விடாது என்றால் சீப்ரா டானியோ வளர்க்கச் சொல்லுங்கள். நம் நாட்டு மீன், குளிர் தாங்கும், முட்டையிலிருந்து வால் முளைப்பதை ஒரே நாளில் கண்ணால் பார்க்கலாம். இப்போதுள்ள இரண்டும் ஜோடி சேராமல் இருக்க, பெரிய தொட்டியின் நடுவே, நீர் போய்வரத் துளையிட்ட அக்ரிலிக் தகடு ஒன்றைத் தடுப்பாக இந்த வாரமே போடுங்கள். பிளவர்ஹார்ன் பக்கம் பெரியதாக இருக்கட்டும்.