கிராண்ட்மாஸ்டர் கம்ப்யூட்டரோடு ஆடும்போது எது நியாயம்?

கேள்வி: எங்கள் செஸ் கிளப் ஆண்டு விழாவில் ஒரு கிராண்ட்மாஸ்டரைக் கம்ப்யூட்டருடன் ஆட வைக்க நினைக்கிறோம். சரிசமமாக என்றால் வரமாட்டேன் என்கிறார். நிகழ்ச்சி ஏற்பாட்டாளரோ ‘ஸ்பெஷல் சர்வர்’ வாடகை என்று பெரிய தொகை சொல்கிறார். யாருக்கும் மனத்தாங்கல் இல்லாமல் நடத்துவது எப்படி?

பதில்: முதல் வேலையாக அந்த சர்வர் வாடகையை அடித்துவிடுங்கள். ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் என்ஜின், அதாவது செஸ் ஆடும் புரோகிராம், இலவசம். கிளப்பில் இருக்கும் சுமாரான லேப்டாப்பில் ஏற்றினாலே உலகில் எவரையும் தோற்கடிக்கும். ‘எங்கள் சொந்த ஏஐ’ என்று யாராவது சொன்னால், என்ஜினின் பெயரையும் பதிப்பு எண்ணையும் கொட்டேஷனில் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதோடு பேச்சு நின்றுவிடும். ஊர் ஊராக இலவசச் சரக்குக்கு பில் போட்டுப் பிழைக்கும் கூட்டம் இது.

அடுத்து கிராண்ட்மாஸ்டரின் தயக்கம். அது வெறும் வீம்பு இல்லை. 1997 மே மாதம் நியூயார்க்கில் அப்போதைய உலக சாம்பியன் காஸ்பரோவ், ஐபிஎம்மின் செஸ் கம்ப்யூட்டரான டீப் புளூவிடம் 2½–3½ என்று தோற்றார். மனக்கசப்பு வந்தது தோல்வியால் மட்டுமல்ல. அந்த மெஷின் அதற்கு முன் ஆடிய ஆட்டங்களை அவருக்குக் காட்டவில்லை. ஆட்டங்களுக்கு நடுவே புரோகிராமைத் திருத்த விதியில் இடம் இருந்தது. இரண்டாம் ஆட்டத்தில் டிரா செய்ய வழியிருந்த நிலையில் அவர் தோல்வியை ஒப்புக்கொண்டு ரிசைன் செய்துவிட்டார். மெஷினின் ஒரு நகர்வில் சந்தேகப்பட்டு, அது எப்படிக் கணக்குப் போட்டது என்ற பதிவை (லாக்) கேட்டார். ஐபிஎம்காரர்கள் கேட்டபோது கொடுக்காமல் பிறகு வெளியிட்டார்கள். மறு போட்டிக்கும் சம்மதிக்கவில்லை. யாரும் தப்பு செய்ததாக நிரூபணம் இல்லை; ஆனால் சந்தேகம் இன்றும் ஓடுகிறது.

2006இல் ஜெர்மனியின் பான் நகரில் அப்போதைய உலக சாம்பியன் கிராம்னிக் உஷாராக இருந்தார். எதிராளியான டீப் ஃப்ரிட்ஸ் என்ற செஸ் புரோகிராமை முன்கூட்டியே வாங்கிப் பார்த்தார். அது ஓப்பனிங் புக்கிலிருந்து (முன்பே சேமித்து வைத்த தொடக்க நகர்வுகளின் தொகுப்பு) ஆடும்வரை அந்தப் பக்கம் அவர் கண்முன் திரையில் தெரிந்தது. இரண்டாம் ஆட்டத்தில் ஒரே நகர்வில் விழும் செக்மேட்டைக் கவனிக்காமல் தோற்றார், மொத்தத்தில் 2–4. மெஷின் மேல் பழி போடவில்லை.

நீங்களும் அதையே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். என்ஜின் பதிப்பு மாறக்கூடாது, நெட் துண்டிக்கப்பட வேண்டும், புக் இருந்தால் கிராண்ட்மாஸ்டருக்குத் தெரிய வேண்டும். மெஷினுக்காக நகர்த்தித் தருபவர் காயை மட்டும் நகர்த்துவார். டிரா கேட்கவோ ரிசைன் செய்யவோ அவருக்கு உரிமை இல்லை, அதை ஆர்பிட்டர் (ஆட்ட நடுவர்) பார்த்துக்கொள்வார். விதிப் புத்தகத்தைப் புரட்டாதீர்கள், அது இரண்டு மனிதர்கள் எதிரெதிரே உட்காருவதை நினைத்து எழுதியது. சங்கங்களுக்குக் கடிதம் போட்டால் கட்டணச் சுற்றறிக்கை வரும். காட்சி ஆட்டத்துக்கு ஒரு பக்க வழிகாட்டி எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

சரி, சமமாக ஆடாவிட்டால் எப்படி ஆடுவது? மெஷினுக்குக் காய் குறைத்துத்தான். இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். ஒரு சிப்பாயைக் குறைத்தால் மனிதருக்கு அது பெரிய உதவியே இல்லை. குதிரையைக் குறையுங்கள்; மெஷினுக்கு வெள்ளை, பி1 கட்டத்தில் நிற்கும் குதிரை (ராணிப் பக்கத்துக் குதிரை) இல்லை. ஆனால் எந்த என்ஜின் என்பதைப் பாருங்கள். சாதாரண ஸ்டாக்ஃபிஷ், எதிராளி ஒரு தப்பும் செய்யமாட்டார் என்று கணக்குப் போடும். குதிரை இல்லாதபோது ‘தோற்கத்தான் போகிறோம்’ என்று முடிவுகட்டி, மனிதரைச் சிக்கவைக்கும் வழிகளைத் தேடாது. லீலா என்ற இன்னொரு என்ஜினில் குதிரை இல்லாமல் ஆடவே பழக்கிய பதிப்பு இருக்கிறது. அது காய்களை ஒன்றுக்கு ஒன்று வெட்டிக் குறையவிடாமல் நிலையைச் சிக்கலாக்கும். லிசெஸ் என்ற ஆன்லைன் செஸ் தளத்தில் பிளிட்ஸ் (ஆளுக்குச் சில நிமிடங்களே உள்ள வேக) ஆட்டங்களில் கிராண்ட்மாஸ்டர்களையும் தோற்கடித்திருக்கிறது. ஆகவே பேர் ‘குதிரை குறைவு’தான் என்றாலும் என்ஜினைப் பொறுத்து எதிராளியின் பலம் மாறும். பிளிட்ஸ் வைத்தால் உங்கள் விருந்தாளி மறுபடியும் மாட்டிக்கொள்வார். ஆளுக்கு ஒரு மணி நேரமாவது கொடுங்கள். கூட்டம் கொட்டாவி விட்டால் விடட்டும்.

கட்டணத்தை வெற்றி தோல்வியோடு முடிச்சுப் போடாதீர்கள். பானில் கிராம்னிக் தோற்றாலும் 5 லட்சம் டாலர் உறுதி, ஜெயித்தால் 10 லட்சம் என்றுதான் பேசினார்கள். உங்கள் விருந்தாளிக்குரிய பணத்தை அவர் போர்டில் உட்காருமுன் கையில் கொடுத்துவிடுங்கள், ஏற்பாட்டாளர் வழியாக வேண்டாம்.