பன்னிரண்டாவது ஆள்

அன்புள்ள சார்,

நீங்கள் கால்பந்து பற்றி அபூர்வமாகத்தான் எழுதுகிறீர்கள். எழுதினால் அதில் எப்படியோ பிரேசில் வந்துவிடுகிறது. அந்தத் தைரியத்தில்தான் இந்தக் கடிதம். நானும் பிரேசில் பைத்தியம். 2022 உலகக் கோப்பையில் குரோஷியாவிடம் தோற்ற இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று வீட்டில்கூடச் சொல்லவில்லை.

நண்பர்களுக்குள் ஒரு விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய மேதை ஒருவரை, அவர் உச்சத்தில் இருந்த வயதில், நமக்குப் பிடித்த இன்றைய அணிக்குக் கொண்டுவரலாம். ஒரே ஒருவரை. பிரேசிலுக்கு யார் என்ற கேள்விக்குப் பலர் பீலே என்றார்கள், சிலர் 2002 ரொனால்டோ என்றார்கள். நான் 1958, 1962 கோப்பைகளை வென்ற அணியின் வலது ஓர ஆட்டக்காரர் கரிஞ்சா என்றேன். என் அணி இது: கோலில் அலிசன், பின்னால் நான்கு தடுப்பாளர்கள், நடுவில் காசிமிரோ, புரூனோ கிமாரெஸ், பக்கெட்டா, முன்னால் வினிசியஸ், ரொட்ரிகோ, ரஃபின்யா, கரிஞ்சா. நினைத்தாலே சிலிர்க்கிறது. என் தேர்வு சரிதானா? அந்தக் காலத்து ஆட்கள் இன்றைய வேகத்துக்குத் தாக்குப்பிடிப்பார்களா? இதெல்லாம் வெட்டிவேலை என்கிறான் ஒரு நண்பன். சும்மா ஒரு கற்பனைதானே சார், இதில் என்ன தப்பு?

அன்புடன்,
ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

உங்கள் அணியை விரல்விட்டு எண்ணினேன். பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள்.

கரிஞ்சாவை உள்ளே கொண்டுவந்த ஆவேசத்தில் யாரையும் வெளியே அனுப்ப மறந்துவிட்டீர்கள். கைப்பிழை என்று இதை விட்டுவிடலாம். எனக்கு விட மனமில்லை. இந்த விளையாட்டை ஆடுகிற எல்லோருமே மனத்துக்குள் பன்னிரண்டு பேரைத்தான் களத்தில் இறக்குகிறார்கள். நீங்கள் வெகுளி, அதை எழுதியும் காட்டிவிட்டீர்கள். அதோடு, கொஞ்ச நாளாக மெக்ஸிகோவில் பிரேசிலும் இத்தாலியும் ஆடிய 1970 உலகக் கோப்பை இறுதியாட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் ‘பீலே, அன்புடன்’ என்று இரண்டு சொல்லில் முடித்திருப்பேன்.

வேகத்தைப் பற்றிய கேள்வியை ஓரமாக வைத்துவிடுவோம். செத்தவரை இருபத்தைந்து வயதில் எழுப்பிக்கொண்டுவரும் வித்தை உங்களுக்குத் தெரியும் என்றால், அவருக்கு ஒரு வருடம் இன்றைய பயிற்சி கொடுக்கவும் தெரிந்திருக்கும். மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் உலகக் கோப்பைக்கு வந்ததே 1970இல்தான். 1966இல் பல்கேரியாவும் போர்ச்சுகலும் பீலேயை உதைத்த உதையை இன்று உதைத்தால் பாதி அணி வெளியே போயிருக்கும். அவர்களுக்கு இன்றைய ஆட்டம் சில விதங்களில் சுகமாகவே இருக்கும். வெட்டிவேலை என்கிற நண்பரையும் விட்டுவிடுங்கள். எல்லாக் குழுவிலும் அப்படி ஒருவர் இருப்பார்.

கோபம் வந்தது உங்கள் கடைசி வரியைப் படித்தபோதுதான். சும்மா கற்பனைதானே என்கிறீர்கள். காலத்தை மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு, விளையாட்டின் ஒப்பந்தமே அதுதான். ஆனால் பதினொன்றைப் பன்னிரண்டாக்க உரிமை இல்லை. அதையும் எடுத்துக்கொண்டால் எதற்கு ஒரு மேதையோடு நிறுத்துவது? பீலே, ரொனால்டோ, ஸிக்கோ என்று இருபது பேரை இறக்கிவிட்டுப் போகலாமே. ஒருவரைச் சேர்த்ததும் இன்னொருவர் போக வேண்டும், இருக்கிறவர்கள் இடம் மாற வேண்டும், ஒருவர் செய்துகொண்டிருந்த வேலை யார் கையிலும் இல்லாமல் நிற்கும். விளையாட்டின் ருசி முழுக்க அதில்தான் இருக்கிறது. அதைத் தொடாமல் சிலிர்த்துக்கொண்டிருந்தால், மன்னிக்கவும், அது சோம்பேறித்தனம்.

நிஜத்திலேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 2003இல் ரியல் மாட்ரிட் டேவிட் பெக்காமை வாங்கியது. வலதுபக்கம் ஏற்கெனவே ஃபிகோ இருந்தார். அதே கோடையில் நடுக்களத்தில் ஓசையில்லாமல் உழைத்துக்கொண்டிருந்த மக்கலேலேவை செல்சிக்கு விற்றுவிட்டார்கள். பெக்காம் பெரும்பாலும் நடுவில் ஆட வேண்டியதாயிற்று. ஜிதான், ரொனால்டோ, ஃபிகோ, ராவுல், ராபர்ட்டோ கார்லோஸ், பெக்காம். பெயர்களைப் படித்தால் உங்களுக்குச் சிலிர்க்கும். அந்தப் பருவத்தின் கடைசி ஐந்து லீக் ஆட்டங்களிலும் தோற்று நான்காம் இடத்தில் முடித்தார்கள்.

இப்போது உங்கள் கரிஞ்சா. எனக்கும் அவர்மேல் பித்து உண்டு. வளைந்த கால்கள், எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த அதே ஒரு ஏமாற்று, அதற்கு ஒவ்வொரு முறையும் ஏமாறும் தடுப்பாளர். பீலேயும் கரிஞ்சாவும் சேர்ந்து ஆடிய எந்த ஆட்டத்திலும் பிரேசில் தோற்றதில்லை. 1962இல் இரண்டாவது ஆட்டத்திலேயே பீலே காயமாகி விலகிய பிறகு கோப்பையைத் தூக்கிவந்தவர் கரிஞ்சா. மறுக்கவில்லை.

ஆனால் அவரால் எப்படி அப்படி ஆட முடிந்தது என்று கொஞ்சம் பாருங்கள். நடுவில் டிடியும் ஸிட்டோவும். இடதுபக்கம் மரியோ ஸகாலோ. பெயருக்கு அவர் விங்கர், அதாவது முன்வரிசையில் ஓரத்தில் ஆடுபவர், ஆனால் பந்து எதிரணியிடம் போனதும் நடுக்களத்துக்கு ஓடிவந்துவிடுவார். ‘சிற்றெறும்பு’ என்றே அவருக்குப் பட்டப்பெயர். நான்கு பேர் முன்னால் நிற்கும் அணி, ஸகாலோ ஓடிவருவதால் மூன்று பேர் நிற்கும் அணியாக மாறிக்கொள்ளும். இடதுபக்கத்தில் ஒருவர் இருவர் வேலையைச் செய்ததால்தான் வலதுபக்கத்தில் ஒருவர் தன் இஷ்டத்துக்கு ஆட முடிந்தது. கரிஞ்சா பிரேசிலுக்காக ஆடித் தோற்றது ஒரே ஒரு ஆட்டத்தில், 1966இல் ஹங்கேரியிடம். டிடி இல்லை, ஸகாலோ இல்லை, ஸிட்டோ களமிறங்கவில்லை, அன்று பீலேயும் ஆடவில்லை. கரிஞ்சாவின் முழங்காலும் போயிருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழங்கால் மட்டும்தான் காரணம் என்று என்னை நம்பவைக்க முடியாது.

உங்கள் அணியில் கரிஞ்சாவுக்காக ஓடப்போகும் ஸகாலோ யார்? வினிசியஸா? நல்ல ஆளைப் பார்த்தீர்கள்.

வேண்டுமானால் கரிஞ்சாவை 1982 பிரேசிலுக்கு அனுப்புங்கள், இப்போதே கையெழுத்துப் போடுகிறேன். ஸிக்கோ, சாக்ரடீஸ், ஃபால்காவோ, செரேசோ என்று நடுக்களம் வழிந்துகொண்டிருந்த அந்த அணியில் வலது விங்கில் நிரந்தரமாக யாருமே இல்லை. காலியாகவே கிடந்தது. எல்லோரும் அந்த அணிக்கு முன்னால் நடுவில் நின்று கோல் அடிக்கும் ஒரு சென்டர் ஃபார்வர்டைத்தான் தேடுவார்கள். அந்த இடத்துக்கான கரேகா கடைசி நேரத்தில் காயமானதும் அவருக்குப் பதில் செர்ஜின்யோ ஆடியதும் அதன் சோகம் என்பார்கள். எனக்கு அந்த வலது ஓரம்தான் உறுத்தும்.

சரி, 1970க்கு வருகிறேன்.

அந்த இறுதியாட்டத்தை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு தேய்ந்த வீடியோ கேசட்டில். பெரியப்பா மகன் போட்டுக் காட்டினார். கார்லோஸ் ஆல்பர்ட்டோ அடித்த நான்காவது கோல் வந்ததும் நான் துள்ளினேன். அண்ணன் துள்ளவில்லை. கேசட்டைப் பின்னால் ஓட்டினார். “கோலைப் பாக்காதடா. பந்து எங்கேருந்து வருதுன்னு பாரு” என்றார். மறுபடியும் ஓட்டினார். நான் சலித்துப்போய் எழுந்தபோது தலையில் ஒரு குட்டு விழுந்தது. குட்டு வாங்கிய பிறகுதான் பிரேசிலின் சென்டர் ஃபார்வர்டு டோஸ்டாவோ என் கண்ணில் பட்டார்.

நீங்களும் பாருங்கள். 86ஆவது நிமிடம். பிரேசில் 3–1 முன்னிலை. ஆட்டம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. சென்டர் ஃபார்வர்டு எங்கே இருக்க வேண்டும்? எதிரணியின் கோல் பக்கம், கடைசியாக ஒரு கோல் கிடைக்காதா என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு. டோஸ்டாவோ தன் அணியின் இடது தடுப்பாளர் நிற்க வேண்டிய ஆழத்தில் நின்று ஓர் இத்தாலியரிடமிருந்து பந்தைப் பறிக்கிறார். அது சில கால்கள் மாறி குளோடோவால்டோவிடம் வருகிறது, அவர் நான்கு பேரை வரிசையாக ஏமாற்றுகிறார். ரிவலினோ, கோட்டோரமாக ஜெயர்சின்யோ, அங்கிருந்து பீலே. ஜெயர்சின்யோ வலதுபக்க ஆள். அவர் இடதுபக்கம் வந்துவிட்டதால் அவரைக் காவல் காத்த ஃபக்கெட்டியும் கூடவே வந்துவிட்டார், பிரேசிலுக்கு வலப்பக்க வெளி திறந்துகிடக்கிறது. இதற்குள் டோஸ்டாவோ களத்தின் முழு நீளத்தையும் ஓடி முன்னால் வந்து, கோலுக்கு முதுகு காட்டி நின்று, அந்தக் காலி இடத்தைக் கையால் காட்டுகிறார். பீலே அவசரமே இல்லாமல் பந்தை உருட்டிவிடுகிறார். கார்லோஸ் ஆல்பர்ட்டோ வந்து அடிக்கிறார். தொடக்கத்தில் பந்தைப் பறித்த ஆளே கடைசியில் வழியும் காட்டினார். கோல் கணக்கில் அவர் பெயர் இருக்காது.

இந்த டோஸ்டாவோ சாதாரண ஆள் இல்லை. 1970க்கான தகுதிச்சுற்றில் ஆறு ஆட்டங்களில் பத்து கோல் அடித்தவர். க்ரூசெய்ரோ கிளப்பில் ஆட்டத்தை நடத்தியவர். 1969இல் பந்து பட்டு விழித்திரை பெயர்ந்து, ஹூஸ்டனில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, கண்ணைப் பற்றிய பயத்தோடுதான் மெக்ஸிகோவுக்குப் போனார். பீலேயும் அவரும் ஒரே மாதிரி ஆடுகிறவர்கள், சேர்ந்து ஆட முடியாது என்ற பேச்சு பலமாக இருந்தது. கடைசியில் முன்னால் போய் நின்றுகொண்டார். தான் கோல் அடிக்க இல்லை. தடுப்பாளர்களை இழுத்துக்கொண்டு போய் பீலேக்கும் ஜெயர்சின்யோவுக்கும் வெளி உண்டாக்க. அந்த உலகக் கோப்பையில் அவர் அடித்தது இரண்டே கோல், இரண்டும் பெருவுக்கு எதிராக. ஜெயர்சின்யோ ஆறு ஆட்டங்களிலும் கோல் அடித்தார், மொத்தம் ஏழு. அந்த இரண்டையும் இந்த ஏழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அந்த அணியின் பயிற்சியாளர் யார்? அதே ஸகாலோ. விங்கராக இருந்து நடுக்களத்துக்கு ஓடியவர், ரிவலினோவை இடதுபக்கம் நகர்த்தினார். நடுக்கள வீரரான பியாஸாவைத் தடுப்பு வரிசைக்கு இறக்கினார். நீங்கள் சிலிர்க்கிற அந்த அணியே இடம் மாறிய ஆட்களால் ஆனது. சிலிர்ப்பவர்கள் பார்ப்பது பீலேயை மட்டும்.

டோஸ்டாவோ 26 வயதில், 1973இல், கண் காரணமாகவே ஆட்டத்தை விட்டார். மருத்துவம் படித்து டாக்டரானார். பிறகு கால்பந்து பற்றிப் பத்திகள் எழுதத் தொடங்கினார்.

உங்கள் தூங்காத இரவைப் பற்றி நான் சிரிக்கமாட்டேன். அதே இரவு நானும் விழித்திருந்தேன். யாரிடமும் சொல்ல முடியாத துக்கம் அது. உங்களுக்காக யாரும் வந்து துக்கம் விசாரிக்கமாட்டார்கள். 2006இல் பிரான்ஸ், 2010இல் நெதர்லாந்து, 2014இல் ஜெர்மனி ஏழு கோல், 2018இல் பெல்ஜியம். எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு 2022க்கு வந்து, கூடுதல் நேரத்தில் நெய்மார் அந்த அற்புதமான கோலை அடித்ததும், இந்த முறை சரியாகிவிட்டது என்று நினைத்தோம். 117ஆவது நிமிடம். 1–0 முன்னிலை. இன்னும் கொஞ்ச நேரம்தான். அப்போது பிரேசில் ஆட்கள் எங்கே இருந்தார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? முன்னால். பந்து பறிபோனதும் பின்னால் வெட்டவெளி. குரோஷியாவின் பெட்கோவிச் அடித்தது நம் தடுப்பாளர் மார்கின்யோஸ் மேல் பட்டு உள்ளே போனது. அந்த ஆட்டம் முழுவதிலும் குரோஷியா கோலை நோக்கிச் சரியாக அடித்தது அந்த ஒன்றுதான். பிறகு பெனால்டி, பிறகு நம் இரவு.

அந்த 117ஆவது நிமிடத்தையும் மெக்ஸிகோவின் 86ஆவது நிமிடத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள் ஆர். அழுதுவிட்டுப் பாருங்கள், ஆனால் பாருங்கள். அன்று பீலே இருந்திருந்தால் இரண்டாவது கோல் விழுந்திருக்கும் என்பீர்கள். விழுந்திருக்கலாம். கரிஞ்சா இருந்திருந்தால் முன்னால் இன்னும் ஒருவர் நின்றிருப்பார், அவ்வளவுதான்.

ஆகவே என் தேர்வு டோஸ்டாவோ. நண்பர்களிடம் சொன்னால் பாதிப் பேர் யார் அது என்பார்கள். இன்னும் ஒருவருக்கு அனுமதி இருந்தால் ஸகாலோவையும் கேட்பேன், ஆட்டக்காரராக. ஆனால் ஒருவர்தான் என்பது உங்கள் விதி, நான் விதியை மதிக்கிறவன்.

அப்படியானால் வெளியே போவது யார்? ரொட்ரிகோ. நடுவில் முன்னால் நிற்பவர் அவர்தான், டோஸ்டாவோவின் இடமும் அதுதான். இதை எழுதும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது. இந்தத் தலைமுறையில் எனக்கு மிகப் பிடித்தவர், குரோஷியாவுக்கு எதிராக முதல் பெனால்டியைத் தவறவிட்டபோதுகூட அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இருந்தாலும் பெஞ்சில்தான் உட்கார வேண்டும்.

நீங்கள் கரிஞ்சாவிலேயே நிற்பதானால் நில்லுங்கள், வருத்தமில்லை. வலதுபக்கம் என்றால் ரஃபின்யா போக வேண்டும், பந்து பறிபோனதும் திரும்பி ஓடிவருகிற ஒரே ஆளை நீக்குகிறீர்கள் என்று தெரிந்தே நீக்குங்கள். இல்லை, நடுக்களத்தில் ஒருவரைக் குறைக்கப்போகிறீர்கள் என்றால் காசிமிரோவின் வேலையை யாரிடம் கொடுப்பீர்கள் என்று எழுதுங்கள். அந்தப் பெயர் இல்லாமல் அடுத்த கடிதம் அனுப்ப வேண்டாம்.

அன்புடன்.