முடி உதிர்கிறதா, பூனையே நக்கி அறுக்கிறதா?

கேள்வி: தெருவில் அலைந்துகொண்டிருந்த ஒரு பெண் பூனையை இரண்டு மாதங்களுக்கு முன் வீட்டில் சேர்த்துக்கொண்டோம். அதற்கு ஒரு வயது இருக்கலாம். நன்றாகச் சாப்பிடுகிறது, மடியில் படுத்துத் தூங்குகிறது. ஆனால் வால் தொடங்கும் இடத்திலும் அடிவயிற்றிலும் முடி போய்விட்டது. முதுகைத் தடவினால் மணல் போன்ற சிறு பக்குகள் விரலில் தட்டுப்படுகின்றன. தெள்ளுப்பூச்சி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இது சத்துக் குறைவா? எங்கள் நாய்க்கு வாங்கிய, கழுத்தில் சொட்டுவிடும் மருந்து மீதி இருக்கிறது. அதையே குறைந்த அளவில் போடலாமா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: அந்தச் சொட்டு மருந்தைத் தயவுசெய்து போடாதீர்கள். நாய்களுக்கென விற்கப்படும் சொட்டு மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. நாயின் உடல் அதை எளிதில் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் மிகவும் குறைவு என்பதால், மருந்து உடம்பிலேயே தங்கி நரம்புகளைத் தாக்கி, நடுக்கத்தில் தொடங்கி வலிப்பு, உயிரிழப்பு வரை கொண்டுபோய்விடும். அளவைக் குறைப்பதால் ஆபத்து நீங்குவதில்லை. இதைப் படிப்பவர்களில் யாரேனும் ஏற்கெனவே போட்டிருந்தால், பாத்திரம் கழுவும் மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு அந்த இடத்தைக் கழுவித் துடைத்து, உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். நடுக்கம் தொடங்கிவிட்டிருந்தால் கழுவுவதற்குக்கூட நேரம் செலவிட வேண்டாம். இயற்கையானது என்று நம்பிப் பலர் பூசும் தேயிலை மர எண்ணெயும் பூனைக்கு நஞ்சுதான். மேலே பூசுகிற எதையும் பூனை நக்கி விழுங்கிவிடும் அல்லவா?

இனி நோய்க்கு வருவோம். முடி தானாக உதிர்கிறதா, பூனையே நக்கி நக்கி அறுத்துவிடுகிறதா என்பதைத்தான் முதலில் கண்டறிய வேண்டும். பூனையின் நாக்கில் பின்னோக்கி வளைந்த சிறு முட்கள் இருப்பதால், ஓயாமல் நக்கினால் கத்தரித்தது போல முடி அறுந்துவிடும். பெரும்பாலான பூனைகள் இதை யாரும் பார்க்காத நேரத்தில் செய்யும் என்பதால், தங்கள் பூனைக்கு அரிப்பே இல்லை என்று உரிமையாளர்கள் உறுதியாக நம்புவதில் வியப்பில்லை. முடி போன இடத்தைத் தடவிப் பாருங்கள். மழித்த தாடையைப் போலக் குத்தினால், பூனை நக்கியிருக்கிறது என்று ஓரளவு ஊகிக்கலாம். மருத்துவர் சில முடிகளைப் பிடுங்கி நுண்ணோக்கியில் பார்த்தால் ஐயம் தீரும்: தானாக உதிர்ந்த முடியின் நுனி கூர்மையாக இருக்கும், நக்கி அறுத்த முடியின் நுனி முறிந்திருக்கும்.

நீங்கள் சொல்லும் இடங்களையும் பக்குகளையும் பார்த்தால், தெள்ளுப்பூச்சி ஒவ்வாமையே என் முதல் ஐயம். பூச்சி கண்ணில் படவில்லை என்பது அது இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. ஒவ்வாமை உள்ள பூனை அரிப்பு தாங்காமல் உடம்பெல்லாம் நக்கி, பூச்சிகளையும் சேர்த்தே விழுங்கிவிடுகிறது. எஞ்சும் ஒன்றிரண்டின் உமிழ்நீரே அரிப்பை நீட்டிக்கப் போதுமானது. நெருக்கமான பற்களுள்ள சீப்பால் வாலடியில் சீவி, வரும் தூளை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டுங்கள். கறுப்புத் துகள்கள் கரைந்து செம்பழுப்பாகக் கசிந்தால் அது செரித்த இரத்தம், அதாவது தெள்ளுப்பூச்சியின் எச்சம். பூச்சியை விழுங்கும் பூனைக்கு நாடாப்புழுவும் வரும் என்பதால் குடற்புழு மருந்தும் தேவைப்படும்.

பலர் தோற்றுப்போவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். வளர்ந்த பூச்சி பூனையின் மேல் வாழ்கிறது. முட்டைகளோ படுக்கையிலும் விரிப்பிலும் தரையிடுக்கிலும் உதிர்ந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, அந்தக் கூட்டுக்குள் மாதக்கணக்கில்கூடக் காத்திருக்க வல்லவை. ஆகவே ஒரே ஒரு முறை மருந்து போட்டுவிட்டு, பலன் இல்லை என்று கைவிடுவது சரியன்று. பூனைக்கென்றே தயாரான செலாமெக்டின் போன்ற மருந்தை, எடைக்கேற்ற அளவில், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் குறைந்தது மூன்று மாதங்களாவது தொடருங்கள். உங்கள் நாய்க்கும் அதற்குரிய மருந்தைப் போடுங்கள். ஆனால் அது பெர்மெத்ரின் இல்லாத மருந்தாக இருக்கட்டும், ஏனெனில் மருந்து போட்ட நாயோடு ஒட்டிப் படுக்கும் பூனைக்கும் நஞ்சேறக்கூடும். படுக்கை விரிப்புகளை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் அரிப்பு நிற்கவில்லை என்றால் உணவு ஒவ்வாமையை எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கு நம்பகமான சோதனை, பூனை இதுவரை உண்ணாத புரதம் கொண்ட உணவை மட்டும் 8 வாரங்கள் கொடுத்துப் பார்ப்பதுதான். அடிவயிற்றை மட்டுமே நக்கும் பூனைக்குச் சிறுநீர்ப்பையில் வலி இருக்கக்கூடும். புது வீட்டு அச்சத்தால் நக்குவதும் உண்டு என்றாலும், உடல்நோய் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும். சத்துக் குறைவு, முழுச்சத்துள்ள பூனை உணவைச் சாப்பிடும் பூனைக்கு அரிது.

கேள்வி: நாங்கள் எடுத்து வளர்க்கும் குட்டிப் பூனையின் காதருகே வட்டமாக முடி உதிர்ந்து, செதில் செதிலாக இருக்கிறது. இப்போது என் மகளின் கையிலும் சிவந்த வளையம் தோன்றியிருக்கிறது. குட்டியை வெளியே விட்டுவிடும்படி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள்.

பதில்: விடாதீர்கள், இது குணமாகும் நோய். உங்கள் விவரிப்பு படர்தாமரையைச் சுட்டுகிறது. பூனைகளில் இதற்குப் பெரும்பாலும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சையே காரணம். இது மனிதருக்கும் தொற்றும் என்பதால், மகளை இன்றே தோல் மருத்துவரிடம் காட்டி, வீட்டில் பூனை இருப்பதையும் சொல்லுங்கள்.

குட்டியின் முடியைப் புற ஊதா ஒளியில் பார்த்தால் ஆப்பிள் பச்சை நிறத்தில் ஒளிரலாம். ஒளிரவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று கொள்ள முடியாது. பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும். காதின் ஓரமும் முகமும் தடித்துப் பொருக்குத்தட்டி, குட்டி ஓயாமல் சொறிந்தால் அது சொறிப்பூச்சியாகவும் இருக்கலாம். தோலைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அரிப்புக்கு என்று வீட்டில் வைத்திருக்கும் ஸ்டீராய்டு களிம்பை மட்டும் தடவிவிடாதீர்கள். அது பூஞ்சை பரவவே துணைசெய்யும்.

படர்தாமரை உறுதியானால், இட்ராகோனசோல் மருந்தும், வாரம் இருமுறை உடல் முழுவதையும் நனைக்கும் பூஞ்சைக்கொல்லிக் கரைசலும் பல வாரங்களுக்குத் தேவைப்படும். பக்குகள் மறைந்து முடி முளைத்துவிட்டது என்று நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பிவிடும். சோதனையில் பூஞ்சை இல்லை என்று வரும்வரை தொடருங்கள். உதிர்ந்த முடியிலுள்ள பூஞ்சை வித்துகள் ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்கக்கூடும் என்பதால், குட்டியை எளிதில் துடைக்கக்கூடிய ஓர் அறையில் வைத்து, முடியை நாள்தோறும் அகற்றி, சோப்பு நீரால் துடையுங்கள். பினாயில் வகைக் கிருமிநாசினிகள் பூனைக்குக் கேடு செய்யும், அவை வேண்டாம்.

தனி அறையில் வைப்பது தண்டனைபோல் ஆகிவிடக்கூடாது. வளரும் வயதில் மனிதரோடு பழகாத குட்டி பிறகு எவரிடமும் ஒட்டாது. கையுறை அணிந்து, தனியே ஒரு சட்டையை அதற்கென்று வைத்துக்கொண்டு, வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் தினமும் சிறிது நேரம் அதனோடு விளையாடட்டும். குட்டி குணமாகும்வரை மகள் சன்னல் வழியாகப் பேசிக்கொண்டிருக்கலாம்.