ஓரத்தில் இருக்கும் எழுத்து

ஐயா,
என் கொள்ளுத்தாத்தா முதல் உலகப்போரில் மெசபடோமியா (இன்றைய ஈராக்) போய் வந்தவர். அவருடைய வெண்கலப் பதக்கம் எங்களிடம் இருக்கிறது. ‘வீர விருது பெற்ற நம் முன்னோர்’ என்று குடும்ப வாட்ஸாப் குரூப்பில் போட்டேன். என்ன வீரச்செயல் என்று பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் தேடினால் பெயரே இல்லை. வேறு எங்கே தேடுவது? பிராஸோ பாலிஷ் போட்டுத் துடைக்கலாமா? என்ன விலை போகும்?
ஆர்., பெங்களூரு

அன்புள்ள ஆர்.,

படத்தைப் பார்த்தேன். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் அம்மணமாகக் குதிரைமேல் ஒருவன், 1914, 1918 என்று வருஷம். இது வீர விருது இல்லை. போரில் பணி செய்த லட்சக்கணக்கானவர்களுக்குக் கொடுத்த பொதுப் பதக்கம். கெஜட்டில் வராது. விலையை விடுங்கள். பிராஸோவைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

வெண்கலம் என்று எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு சொல்தான் என்னை உட்கார வைத்தது. இதே பதக்கம் சிப்பாய்க்கு வெள்ளியில் வந்தது. மண் வெட்டவும் மூட்டை சுமக்கவும் கூலியாட்கள் படையில் போனவர்களுக்கு வெண்கலம். சீனக் கூலிகளுக்கும் மால்டாக்காரர்களுக்கும் அப்படியே. அதே ராஜா தலை, அதே குதிரை, உலோகம் மட்டும் வேறு.

எங்கள் வீட்டில் இருந்தது வெள்ளி. தாத்தா இங்கே அல்சூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தார். அவர் போன பிறகு, ரேஷன் அரிசிக் காலத்தில், பாட்டி அதை ஆசாரியிடம் கொடுத்து உருக்கி அத்தைக்குக் கொலுசு போட்டார். எனக்கு ஏழு வயது இருக்கும்போது அத்தை காலை நீட்டி, “இதுதான்டா உங்க தாத்தா சண்டைக்குப் போன கூலி” என்பார். குனிந்து குனிந்து பார்ப்பேன். திருகாணி தெரியும், முத்து தெரியும், தாத்தா பெயர் எங்கேயும் இருக்காது. பாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் உங்கள் பதக்கம் பிழைத்ததே அது வெண்கலம் என்பதால்தான். எந்த அடகுக் கடையிலும் அதைச் சீந்தியிருக்க மாட்டார்கள்.

அதைப் போய் வீர விருது என்று போட்டிருக்கிறீர்கள். உடனே அழியுங்கள். விருது வர வேண்டுமென்றால் ஒருவன் செய்ததை ஒரு அதிகாரி பார்க்க வேண்டும், எழுத வேண்டும், மேலிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தியச் சிப்பாய்க்கும் விக்டோரியா கிராஸ் என்ற உச்ச வீர விருதைக் கொடுக்கலாம் என்று 1911-இல்தான் பிரிட்டிஷ்காரர்களுக்குத் தோன்றியது. இதே மெட்ராஸ் சாப்பர்ஸின் சுபேதார் சுப்ரமணியன் 1944-இல் இத்தாலியில், வெடிக்கப்போகும் கண்ணிவெடிமேல் விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். உயிர் போனபிறகு ஜார்ஜ் கிராஸ் என்ற வீர விருதைக் கொடுத்தார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். யாரோ பார்த்து எழுதியதால்தான் அது நம் கைக்கு வந்தது. மெசபடோமியாவின் பாஸ்ரா துறைமுக வெயிலில் கப்பலிலிருந்து மூட்டை இறக்கியவரைப் பற்றி யார் எழுதினார்கள்? எழுதவில்லை என்பதற்காக நீங்களாக ஒரு துப்பாக்கியை அவர் கையில் கொடுக்காதீர்கள். அவர் தூக்கியது மூட்டை. அது உங்களுக்குக் குறைச்சலாகப் பட்டால் எனக்கு நிஜமாகவே கோபம் வரும்.

சரி, எங்கே தேடுவது என்று கேட்டீர்கள். பதக்கத்தை நிமிர்த்திப் பிடித்து, காலை வெயிலில் ஜன்னலோரம் மெல்லச் சுற்றுங்கள். ஓரத்தில் பொடி எழுத்தாக ஒரு எண், அவர் பெயர், எந்தக் கூலியாட்கள் படை என்பது பெரும்பாலும் இருக்கும். பிராஸோ வேண்டாம் என்றது அதனால்தான், தேய்த்தால் முதலில் போவது அந்த எழுத்து. பெயரைக் குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பான். எவ்வளவு கோணலாக இருந்தாலும் திருத்தாமல் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் குரூப்பில் அதைப் போடுங்கள், அந்த எண்ணோடு.