கேள்வி பதில்: பொயிலர், எரிசோடா, குளோரின், அமோனியா

கேள்வியை ஊர்ப்பேரோடு போடுங்கோ. தண்ணிக் கேள்வியெண்டால் வன்மையும் (கல் பிடிக்க வைக்கிற கல்சியம், மக்னீசியம்) ரி.டி.எஸ்ஸும் (கரைஞ்சிருக்கிற உப்பெல்லாம் சேர்த்து) லீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் எண்டு எழுதாமல் கேக்காதேயுங்கோ. நம்பர் இல்லாமல் பதில் சொல்ல நான் சாத்திரி இல்லை.

கோண்டாவில்: மணிக்கு 300 கிலோ நீராவி தாற பொயிலர், நாளுக்கு 8 மணித்தியாலம் ஓடுது. கிணத்துத் தண்ணி வன்மை 420, ரி.டி.எஸ் 900. மூண்டு மாசத்துக்கு ஒருக்கா ரியூப்பெல்லாம் வெள்ளைக் கல்லாப் பிடிச்சுக் கிடக்கு. 50 லீற்றர் றெசின் (வன்மையைப் பிடிக்கிற சின்ன மணிகள்) உள்ள சொஃப்ற்னர், அதாவது தண்ணியை மென்மையாக்கிற கருவி, போதும் எண்டு விக்கிறவர் சொல்லுறார். காணுமோ?

பதில்: நம்பரோடு வந்திருக்கிறியள், அதால முழுசாச் சொல்லுறன்.

ஒரு லீற்றர் றெசினுக்கு 120 கிராம் உப்புப் போட்டுக் கழுவினால் அது ஏறக்குறைய 45 கிராம் வன்மையைப் பிடிக்கும். 50 லீற்றருக்கு 2,250 கிராம். உங்கட தண்ணியில லீற்றருக்கு 0.42 கிராம். ஆகவே 5,350 லீற்றருக்குப் பிறகு றெசின் களைச்சுப்போம்.

இப்ப பொயிலர் எவ்வளவு குடிக்குது எண்டு பாருங்கோ. 300 லீற்றர் எண்டு நினைச்சால் பிழை. சொஃப்ற்னர் கல்சியத்தை எடுத்துப்போட்டு அந்த இடத்தில சோடியத்தை வைக்கும், ரி.டி.எஸ் அப்பிடியே 900தான் இருக்கும். பொயிலருக்குள்ள 3,000ஐத் தாண்ட விட்டால் நுரைச்சு, தண்ணியும் ஆவியோட சேர்ந்து போகும். 3,000ல பிடிக்க வேணுமெண்டால் மணிக்கு 129 லீற்றர் கொதிதண்ணியை அடியால திறந்து விட வேணும். அப்ப மொத்தம் 429 லீற்றர், நாளுக்கு 3,430. உங்கட றெசின் ஒண்டரை நாளுக்குத்தான் தாங்கும். ஒவ்வொரு நாளும் வேலை முடிய உப்புக் கழுவல் செய்தால் காணும். ‘ரண்டு நாளைக்கு ஒருக்கா’ எண்டு இழுத்தால் ரண்டாம் நாள் பின்னேரம் பூரா வன்தண்ணிதான் உள்ள போகும்.

இதை விடப் பெரிய விசயம் ஒண்டு. ஆவி ஒடுங்கின தண்ணியைத் திருப்பி எடுக்கிறியளோ? அதில 60 வீதத்தைத் திருப்பினால் திறந்து விடுறது 129ல இருந்து 51 லீற்றருக்கு இறங்கும். புதுத் தண்ணி மணிக்கு 171 லீற்றர் காணும். அதே றெசின் நாலு நாளைக்குக் கிட்டப் போகும். விறகும் மிச்சம். ஆக்கள் சொஃப்ற்னருக்குக் காசு கட்டுவினம், 20 மீற்றர் குழாய் போட்டு இந்தத் தண்ணியைத் திருப்ப மாட்டினம்.

உப்புக் கழுவல்: முதல்ல கீழ இருந்து மேல தண்ணி விட்டுக் கலங்கல் போகும் மட்டும் கழுவுங்கோ, 10 நிமிசம் அளவில. பேந்து 6 கிலோ உப்பை 55 லீற்றர் தண்ணியில கரைச்சு, அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் மெல்ல விடுங்கோ. கெதியா விட்டால் உப்பு றெசினைப் பாக்காமலே ஓடிப்போம். ஆனையிறவுக் கட்டி உப்புத் தாராளமாய்ப் பாவிக்கலாம், ஆனால் கரைச்சு ஒரு இரவு வைச்சுத் தெளிவை மட்டும் எடுங்கோ. அடியில நிக்கிற சேறு றெசினுக்குள்ள போனால் திரும்பி வராது. கடைசியில வன்மைச் சொட்டு மருந்தால பாருங்கோ: நீலமெண்டால் ஓட்டலாம், ஊதாச் சிவப்பெண்டால் இன்னும் கழுவுங்கோ.

இப்ப பிடிச்சிருக்கிற கல்லில ஒரு துண்டை எடுத்து ஐதான அமிலம் ஒரு துளி விடுங்கோ. நுரைச்சால் காபனேற்று, அமிலத்தால கழட்டலாம். நுரைக்காட்டில் சல்பேற்று அல்லது சிலிக்கா, அதுக்கு அமிலம் சரிவராது. அமிலக் கழுவலை அரிப்புத் தடுப்பான் சேர்த்து, அனுபவமுள்ள ஆளைக் கொண்டு செய்யுங்கோ. அந்த நேரம் பொயிலரின்ர மேல் வாய் திறந்தே இருக்க வேணும். உள்ள காபனீரொட்சைட்டும் ஐதரசனும் வரும். மூடின இடத்தில வாயுவையோ திரவத்தையோ பூட்டி வைக்காதேயுங்கோ. இதை இண்டைக்கு இன்னும் பல தரம் சொல்லுவன்.

சாவகச்சேரி: அண்ணை, 100 கிலோ தேங்காயெண்ணெயில சவர்க்காரம் போட எரிசோடா (சோடியம் ஐதரொட்சைட்டு) எவ்வளவு? அலுமினிய அண்டா இருக்கு, அதில கரைக்கலாமோ?

பதில்: அண்டாவை முதல்ல குசினிக்கு அனுப்புங்கோ தங்கச்சி. எரிசோடா அலுமினியத்தைத் தின்று ஐதரசன் விடும். பக்கத்தில அடுப்பு எரிஞ்சால் வெடிக்கும். நாகம் பூசின வாளியும் அதே கதைதான். துருப்பிடிக்காத உருக்கு, அல்லது தடிச்ச பொலித்தீன் பீப்பா.

தேங்காயெண்ணெய் கிலோவுக்கு 183 கிராம் சுத்த எரிசோடா. 100 கிலோவுக்கு 18.3. ஐந்து வீதம் எண்ணெய் மிஞ்சட்டும் எண்டு குறைச்சு, சோடாச் சீவல் 98 வீதச் சுத்தமெண்டு வைச்சால் 17.7 கிலோ நிறுங்கோ. தண்ணி 41 லீற்றர். நல்லெண்ணெய் கலந்தால் அந்தப் பங்குக்குக் கிலோவுக்கு 134 கிராம்தான். தேங்காயெண்ணெய்க் கணக்கை அதுக்கும் போட்டால் தோல் உரியும்.

தண்ணி முதல், சீவல் பிறகு, கொஞ்சம் கொஞ்சமா, கிளறிக் கிளறி. ஒரேயடியாக் கொட்டினால் 30 பாகைத் தண்ணி 90ஐத் தொடும். அடியில கட்டியாப் படிஞ்ச சோடா திடீரெண்டு கரைஞ்சால் பொங்கி முகத்தில அடிக்கும். சூடு ஆறுமுன்னம் பீப்பா மூடியை இறுக்காதேயுங்கோ. கண்ணில பட்டால் ஓடுற தண்ணியில 15 நிமிசத்துக்குக் குறையாமல் கழுவி, உடன ஆசுப்பத்திரி. தேசிக்காய் புழியிற விசர் வேலை வேண்டாம். வினாகிரியும் வேண்டாம்.

நல்லூர்: வீட்டுக்கு எந்த ஆர்.ஓ மெசின் நல்லது?

பதில்: இது ஆலைக் கேள்விக்கான இடம். மெசின் வாங்க முதல் கிணத்துத் தண்ணியை நைத்திரேற்றுக்குச் சோதிச்சுப் போட்டு, கடைக்காரரைக் கேளுங்கோ.

கைதடி: தண்ணித் தாங்கிக்குக் குளோரின் போட திரவ ஐப்போகுளோரைற்று பம்ப் வைச்சிருக்கிறம். ரண்டு பி.வி.சி பந்து வால்வு. விடிய வந்து பாத்தால் ஒருத்தரும் தொடாமலே ஒரு வால்வு வெடிச்சிருக்கு. மட்டமான சாமானோ?

பதில்: சாமானில பிழையில்லை. ஐப்போகுளோரைற்று சும்மா இருந்தே சிதைஞ்சு ஒட்சிசன் விடும். வெயிலில இன்னும் கெதியா. பந்து வால்வை மூடினால் பந்தின்ர துளைக்குள்ள ஒரு மிடறு திரவம் சிறைப்படும். அது விடுற வாயுவுக்குப் போக வழியில்லை, வால்வுதான் வழி விடும். வாற பக்கத்துக்கு ஒரு சின்னத் துளை போட்ட பந்து வால்வு விக்கினம், அதை வாங்குங்கோ. துளை ஐப்போகுளோரைற்றுத் தாங்கியைப் பாத்த மாதிரிப் பூட்ட வேணும், மாறிப் பூட்டினால் ஒழுகும். ரண்டு வால்வுக்கு நடுவில உள்ள குழாய்த் துண்டும் அப்பிடித்தான். ரண்டையும் சேர்த்து மூடாதேயுங்கோ.

பம்ப் அந்தத் தாங்கியை விடக் கீழ இருக்கட்டும். மேல இருந்து உறிஞ்ச விட்டால் வாயு புகுந்து பம்ப் சும்மா துடிச்சுக்கொண்டிருக்கும், தண்ணிக்குள்ள குளோரின் போகாது. தாங்கிக்கு நிழல் குடுங்கோ. அமிலக் கலனை அதே அறையில வைக்காதேயுங்கோ, ஆளுக்காள் மாறி ஊத்தினால் குளோரின் வாயு. அது காத்தை விட ரண்டரை மடங்கு பாரம், நிலத்தோட படுத்து வரும்.

பருத்தித்துறை: ஐஸ் ஆலை, அமோனியா. எண்ணெய் வடிக்கிற நேரம் ஒவ்வொரு முறையும் வாயு அடிச்சு ஆக்கள் ஓடினம். ஒழுங்கான முறை என்ன?

பதில்: கொம்பிறசரில இருந்து வாற எண்ணெய் திரவ அமோனியாவை விடப் பாரம், அடியில நிக்கும். நேரே பாத்திரத்தில இருந்து வடிச்சால் எண்ணெய் முடிஞ்சவுடன அமோனியா சீறும். நடுவில ஒரு எண்ணெய்ச் சட்டி வேணும்.

சட்டிக்குள்ள எண்ணெய் இறங்கினதும் பாத்திரப் பக்க வால்வை மூடுங்கோ. சட்டியில இருந்து கொம்பிறசர் உறிஞ்சுற குழாய்க்குப் போற வால்வைத் திறந்தே வைச்சு விடுங்கோ. வெளியில வெள்ளையா உறைபனி படிஞ்சிருக்கும். அது உருகி இரும்பு நனைஞ்சு, பேந்து காயும் மட்டும் பொறுங்கோ. உறைபனி இருக்கிற வரைக்கும் உள்ள திரவ அமோனியா இருக்கு. காய்ஞ்ச பிறகுதான் உறிஞ்சுற பக்கத்தை மூடி எண்ணெயை வடிக்கிறது. உறைபனி இருக்கும்போது சட்டியின்ர எல்லா வால்வையும் மூடினால்? அதே கதை: பூட்டின திரவம், சூடேறும், வெடிக்கும்.

வடிக்கிற வாயில ரண்டு வால்வு: ஒண்டு சாதாரணம், மற்றது கை விட்டால் வில்லால தானாய் மூடுறது. அந்தக் கைபிடியைக் கம்பியால கட்டி வைச்சுப்போட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போறவையாலதான் விபத்து. எண்ணெய் வராட்டில் கம்பி விட்டுக் குத்தாதேயுங்கோ. அடைப்பு விலகினால் பின்னால நிக்கிறது முழுக்க முகத்துக்கு வரும். ரண்டு பேர், முகமூடி, காத்துக்கு மேல்பக்கம், பக்கத்தில தண்ணி. பித்தளை, செம்பு ஒண்டும் அந்த லைனில இருக்கக் கூடாது.

மானிப்பாய்: பொயிலரின்ர பாதுகாப்பு வால்வு ஒழுகுது. கீழ ஒரு கேற் வால்வு போட்டு மூடி வைச்சிருக்கிறம். பிரச்சினை வருமோ?

பதில்: நெருப்பை இறக்குங்கோ. கேற் வால்வைக் கழட்டுங்கோ. பாதுகாப்பு வால்வைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற பரிசோதகருக்குக் காட்டின பிறகு மூட்டுங்கோ.

வட்டுக்கோட்டை: எங்கட பொயிலருக்கு எத்தனை லீற்றர் சொஃப்ற்னர் வேணும்?

பதில்: வன்மை? ரி.டி.எஸ்? ஆவி எவ்வளவு? கோண்டாவில் கணக்கில உங்கட நம்பரைப் போடுங்கோ.

சங்கானை: ஐயா, இந்தச் சொஃப்ற்னர் சங்கதியே தேவையில்லை. மழைத்தண்ணியில வன்மையும் இல்லை, ரி.டி.எஸ் 30. எங்கட கூரை 250 சதுர மீற்றர். வருசத்துக்கு 1,200 மில்லிமீற்றர் மழை, 80 வீதம் பிடிச்சால் 240,000 லீற்றர். கோண்டாவிலாரின்ர பொயிலருக்கு, ஒடுங்கின தண்ணியில 60 வீதத்தைத் திருப்பிக்கொண்டு, மழைத்தண்ணி விட்டால் மணிக்கு 121 லீற்றர் காணும். 247 வேலைநாளுக்கு வரும். ஏன் ஒருத்தரும் செய்யேல்லை?

பதில்: கணக்குச் சரி. பொயிலருக்குச் சரியில்லை. மழைத்தண்ணி புளிப்புப் பக்கம், பி.எச்சை மாறாமல் தாங்கிப் பிடிக்கிற சக்தியும் அதுக்கு இல்லை. பொயிலருக்குள்ள பி.எச் 10.5க்கு மேல நிக்க வேணும். மென்மையாக்கின கிணத்துத் தண்ணி தன்ர பைகாபனேற்றால கொதிச்சே காரமாகும். மழைத்தண்ணி ஆகாது. ரியூப்பில ஊசி குத்தின மாதிரிக் குழி விழும்.

சங்கானை: அதே பைகாபனேற்று ஆவியோட காபனீரொட்சைட்டாப் போய், திரும்பிற குழாயின்ர அடியில வாய்க்கால் மாதிரி அரிக்கிறதைச் சொல்லேல்லையே? சுண்ணாம்புக்கல் ஊரில அதுதானே பெரிய தலையிடி?

பதில்: அது உண்மை. ஒத்துக்கொள்ளுறன். திரும்பிற குழாய்க்கு மழைத்தண்ணி நல்லது.

ஊர்காவற்றுறை: எங்கட தீவில கிணறே உவர். எங்களுக்கு மழைதான் வழி. காரத்தையும் ஒட்சிசன் பிடிக்கிற மருந்தையும் போட்டால் ஓடாதோ?

பதில்: ஓடும். அப்ப முறையாச் செய்யுங்கோ. 30 பாகைத் தண்ணியில லீற்றருக்கு 7.5 மில்லிகிராம் ஒட்சிசன். ஒரு மில்லிகிராமுக்கு 8 மில்லிகிராம் சோடியம் சல்பைற்று எண்டால் 1,000 லீற்றருக்கு 60 கிராம். ஊட்டல் தாங்கியை 85 பாகைக்குச் சூடாக்கினால் ஒட்சிசன் 2க்குக் கிட்ட இறங்கும், 16 கிராம் காணும். உள்ள கொஞ்சம் மிஞ்சி நிக்கிறதுக்கு மேலதிகமாப் போட வேணும். காரத்துக்கு முச்சோடியம் பொஸ்பேற்று, பி.எச் பாத்துப் பாத்து. 85 பாகைத் தண்ணி பம்புக்குள்ள ஆவியாகிக் கல்லு அரைக்கிற சத்தம் போடும்; தாங்கியைப் பம்புக்கு 3 மீற்றர் மேல தூக்குங்கோ.

சங்கானை: அப்ப நான் சொன்னது சரி.

பதில்: பாதி. உங்கட 240,000 லீற்றரில பெரும்பங்கு ஐப்பசியில இருந்து மார்கழிக்குள்ள கொட்டும். அதை ஆவணி மட்டும் வைக்கிற தாங்கியின்ர விலையில சொஃப்ற்னர் எத்தனை வாங்கலாம்? பாதிக்குப் பாதி கலவுங்கோ. ரி.டி.எஸ் 465 ஆகும், திறந்து விடுறது 51ல இருந்து 22 லீற்றருக்கு இறங்கும். மழைத்தண்ணி நாளுக்கு 570 லீற்றர் காணும். கிணத்துப் பங்கு மட்டும் சொஃப்ற்னருக்கால வரட்டும்.

சங்கானை: எங்களிட்டப் போன வருசம் கட்டின சீமெந்துத் தாங்கி இருக்கு, 60,000 லீற்றர். கலக்கவே தேவையில்லை, மூண்டு மாசத்துக்குச் சுத்த மழைத்தண்ணியில ஓடிக் காட்டுறன்.

பதில்: புதுச் சீமெந்தோ? அப்ப அது சுத்த மழைத்தண்ணியில்லை. சுவரில இருந்து சுண்ணாம்பு கரைஞ்சு வன்மை ஏறியிருக்கும். சொட்டு மருந்தால பாத்து நம்பரை இஞ்ச போடுங்கோ, பேந்து வாதாடுவம்.

சங்கானை: பாத்தன். 85.

பதில்: இப்ப அந்த 85ஐயும் கோண்டாவில் கணக்கில போடுங்கோ.

கொக்குவில்: வீட்டுக்கு எந்த ஆர்.ஓ நல்லது?

பதில்: நல்லூருக்குச் சொன்னதுதான்.